ஒன்பதாம் எண் வீட்டுக் கல்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சுவரில் நான்கு துளை போட்டுக் கல்லைப் பதித்துவிட்டோம். கண்ணாடிக்காரர் தன் கையாலேயே சிமென்ட் பூசினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். போகிற வருகிற மூன்று பேரை நிறுத்தி, கோணல் இல்லையே என்று சாட்சியும் வாங்கிக்கொண்டார். 'உலகப் புகழ்பெற்ற ஓவியர் பிறந்த இல்லம்' என்கிறது கல். கல்லே சொன்ன பிறகு தெரு நம்பாமல் என்ன செய்யும்?

தெருவுக்கு அது வேடிக்கை. இந்த வீட்டுக்கு அதுதான் உயிர். சாலையை அகலமாக்க இருபத்திரண்டு வீட்டிலும் முன்பக்கம் பன்னிரண்டு அடி போகிறது. பன்னிரண்டு அடி என்றால் முன்னறை முழுசும் போச்சு. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து மாட்டிக் கொடுக்கும் கண்ணாடிக்காரரின் கடையும் அவர் அப்பாவின் கட்டிலும் அந்த முன்னறையில்தான் இருக்கின்றன. கல் பதித்த வீட்டை இடிக்கக் கூடாது என்று விதி. ஆகவே இருபத்தோரு வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட் கோடு. ஒரே ஒரு வீட்டுச் சுவரில் கல்.

கல் வந்த பெருமை அவர் மனைவிக்குத்தான். நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டு அழுகிற எழுத்தர் அவள். மூன்று மாதத்துக்கு முன்னால் கலாசாரத் துறை கேட்டபோது, தொண்ணூற்றேழு வருடத்துக்கு முந்தின பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, 'வீட்டு எண் ஒன்பது' என்று நகல் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். ஒன்பதாம் எண் தன் வீடுதான் என்று கண்டதும் அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள்.

இன்று மாலை நாலரைக்குத் திரை விலக்கும் விழா. காலை பத்தரைக்கு அலுவலகத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், ஒரு சின்ன உதவி" என்றார் கலாசாரத் துறை அதிகாரி. "நகல் வேண்டாம். ஒரிஜினல் பதிவேடே மேடையில இருந்தா எடுப்பா இருக்கும். கண்ணாடிப் பெட்டி நாங்க கொண்டு வரோம். அவர் பிறந்த பக்கத்தைத் திறந்து வெச்சிடலாம்."

"மேலதிகாரி அனுமதி வேணுமே சார்."

"வாங்கியாச்சு. நீங்களே கையோட கொண்டு வரணும்னும் சொல்லிட்டார். உங்க வீட்டு விசேஷம்தானே!"

அதுவரை ஒன்றும் இல்லை. பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்குமா என்று பார்க்க இரண்டு பக்கத்தையும் விரித்தாள். அங்கேதான் வந்தது வினை.

அந்தக் காலத்துப் பதிவேட்டில் ஒரு பிறப்புக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் தேதி, குழந்தை, தாய், தகப்பன், தெரு, வீட்டு எண். வலப்பக்கத்தில் பிரசவம் பார்த்தவள், தகவல் சொன்னவர், குறிப்பு. நகல் படிவத்திலோ இடப்பக்கத்துக் கட்டங்களுக்கு மட்டும்தான் இடம். பதினெட்டு வருடமாக இடப்பக்கத்தைப் பார்த்தே எழுதிப் பழகிய கை அவளுடையது. வலப்பக்கத்தின்மேல் அளவுகோலை வைத்து மூடிக்கொள்வாள், வரி தப்பாமல் இருக்க. அந்த அறையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அளவுகோல் இல்லாத வலப்பக்கத்தில் மங்கின மையில் இருந்தது: 'கிணற்றுக்கு அடுத்த வீடு. தாயும் சேயும் நலம்.'

கிணறா?

அவர்கள் வீட்டுப் பக்கத்தில் கிணறு ஏது! தெருவில் ஒரே ஒரு கிணறுதான் இருந்தது. இப்போது சிமென்ட் பலகை போட்டு மூடி, அதன்மேல் யாரோ பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். அது பதினாலாம் எண் வீட்டை ஒட்டி இருக்கிறது.

பதறாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு அதே வருடத்தில் அதே தெருவில் பிறந்த மற்ற குழந்தைகளைத் தேடினாள். எண் ஒன்று: 'கொல்லன் பட்டறை.' அந்தப் பட்டறை இன்றைக்கும் இருக்கிறது, வெல்டிங் கடையாக. ஆனால் அதன் எண் இருபத்திரண்டு. எண் இருபத்திரண்டு: 'பெரிய சாலை முனை.' முனை வீட்டுக்கு இன்றைக்கு எண் ஒன்று.

எண்ணை யாரோ ஒரு காலத்தில் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கோடியிலிருந்து எண்ணியதை இந்தக் கோடியிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அவள் சின்னப் பிள்ளைபோல் விரல் விட்டு எண்ணினாள். ஒன்று இருபத்திரண்டானால், ஒன்பது எதுவாகும்? பதினாலு. மறுபடி எண்ணினாள். பதினாலு. எத்தனை தரம் எண்ணினால் மாறும்?

பதினாலாம் எண் வீடு அவள் நாத்தனாருடையது. முன்னறையில் தையல் கடை. சுவரில் சிவப்புக் கோடு.

நாத்தனார் இந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஐந்து வீடு தள்ளித்தான் இருக்கிறார். ஆனால் ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. காரணம் புது வாசகர்களுக்குத் தெரியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமியார் படுத்த படுக்கையாக இருந்த அன்று மத்தியானம், இனி நேரமில்லை என்று டாக்டர் மருமகளிடம் சொன்னார். நாத்தனாரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். "அக்கா பதறுவா, சாயங்காலம் சொல்லிக்கலாம்" என்றார் கணவர். சாயங்காலம் வருமுன் மாமியார் போய்விட்டார். ஓடி வந்த நாத்தனார் தம்பியைக் கேட்கவில்லை. இவளைத்தான் கேட்டார். "எப்போ தெரியும் உனக்கு?"

அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. இனிமேல் தெரிந்ததைத் தெரிந்த நிமிடமே சொல்லிவிடுவது என்று அன்று நினைத்துக்கொண்டாள். நினைப்பது சுலபம். இன்று தெரிந்ததைச் சொன்னால் புருஷனின் கடை இடியும். தப்பாக நகல் கொடுத்ததற்குத் தன் வேலைக்கும் ஓலை வரும்.

பதிவேட்டைத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் விழாப் பந்தல். அழைப்பிதழ் ஒன்று ஜன்னலில் ஒட்டியிருந்தது. 'இந்த ஜன்னல் வெளிச்சமே ஓவியரின் புகழ்பெற்ற மஞ்சள் நிறத்துக்கு முதல் ஊற்று' என்று அதில் அச்சாகியிருந்தது. ஓவியர் பிறந்து பதினோரு மாதத்தில் தெருவைவிட்டுப் போனவர். ஜன்னல் வைத்து எட்டு வருடம் ஆகிறது. மற்ற நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

கூடத்தில் மாமனார் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பத்து மூன்று வருடம் இந்தப் பக்கத்துத் தெருக்களில் கடிதம் போட்டவர். இவரைவிட்டால் யாருக்குத் தெரியும்?

"மாமா, நம்ம தெருவுல வீட்டு நம்பரை எப்பவாவது மாத்தினாங்களா?"

"ஏம்மா?"

"சும்மாதான்."

"அந்தக் காலத்துல நம்பரைப் பார்த்தா கடிதம் போட்டோம்? ஆளைப் பார்த்துப் போட்டோம்." கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"இல்ல மாமா, பதிவேட்டுல ஒரு குறிப்பு இருக்கு. அதான் கேக்கறேன்."

"கிணத்தைப் பத்தியா?"

கிணறு என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை.

மாமனாருக்கும் அது உடனே உறைத்திருக்க வேண்டும். சவரக் கத்தியைக் கழுவி, துடைத்து, டப்பாவில் வைத்து மூடினார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "என் வெள்ளைச் சட்டையை எடுத்து வைம்மா. பை வெச்சதா பாரு" என்று எழுந்து போய்விட்டார்.

அவளுக்கு நின்ற இடம் நிலைகொள்ளவில்லை. நேரே முன்னறைக்குப் போனாள். கண்ணாடிக்காரர் கடையை விழாவுக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கதவைச் சாத்துங்க. ஒண்ணு காட்டணும்."

பதிவேட்டைப் பிரித்து வலப்பக்கத்தில் விரலை வைத்தாள். எண் திரும்பிய கதையைச் சொன்னாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த வரியை இரண்டு தரம் படித்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "மை மங்கிப் போயிருக்கு. கிணறுன்னு எப்படிச் சொல்றே?" என்றார்.

"லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு என்னைக் கேக்கறீங்களே!"

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். லென்ஸ் தேய்க்கும் மெஷினைப் பார்த்தார். அது தரையோடு கான்கிரீட் போட்டுப் பதித்தது. பெயர்த்தால் பழையபடி நிற்காது.

"இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே. விழா நல்லபடியா முடியட்டும். நாளைக்கு உக்காந்து பேசிக்கலாம்."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்."

"அப்போ எங்க அப்பாவை எங்க படுக்க வைப்பே? கடை போச்சுன்னா நான் எங்க உக்காந்து வேலை செய்வேன்? நல்லவ பேரு வாங்கறதுக்கு இதுதானா நாளு?" அவர் குரல் ஏறி, பாதியில் உடைந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். பயந்த மனுஷர். பயந்தவர்கள்தான் எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளுவார்கள்.

வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், வாசற்படிக்கு வெளியே நாத்தனார் நிற்கிறார்! கையில் மடித்த வெல்வெட் துணி.

"வேலையா வந்தேன்" என்றார், வந்ததற்கு மன்னிப்புக் கேட்பவர் மாதிரி. "கல்லுக்குத் திரை தைக்கச் சொல்லி ஆபீஸ்காரங்க என்கிட்டதான் குடுத்தாங்க. கயிறு சரியா ஓடுதான்னு மாட்டிப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"உள்ள வாங்க அண்ணி."

"பரவாயில்ல."

வெளியே நின்றே மாட்டினார். கம்பியில் துணியைக் கோத்து, கயிற்றை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் தையல் பிரிந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க ஊசியை முகத்துக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். அவர் போட்டிருந்த கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் சுற்றியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பி செய்து கொடுத்த கண்ணாடி. இந்தப் பக்கத்தில் வேறு கண்ணாடிக் கடை கிடையாது. இருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார்.

மருமகள் ஊசியை வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்தாள். இருவர் விரலும் பட்டுக்கொண்டன.

"ஒண்ணு சொல்றேன்" என்றார் நாத்தனார், தைத்துக்கொண்டே. "எனக்கு வயித்தெரிச்சல்னு தெருவுல பேசுவாங்க. நம்பாதே. இந்த வீடாவது தப்பிச்சுதே. அப்பா கடைசிக் காலத்துல அலைய வேண்டாம்."

"உங்க கடை அண்ணி?"

"மெஷினைப் பிரிச்சு மூட்டை கட்டியாச்சு. இடிக்கறதுக்குச் சம்மதக் கடிதத்துல கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் வாங்குவாங்களாம். தெருவுல நான் ஒருத்திதான் போடலை."

"போட்டா அப்புறம்?"

"அப்புறம் என்ன, அப்பீல் கிப்பீல் ஒண்ணும் கிடையாது. முடிஞ்சுது."

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றாரே கணவர், நாளைக்குப் பேச என்ன மிச்சம் இருக்கும்? அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து கண்ணாடிக்காரர் இருமினார். வெறும் இருமல்தான். அதில் அப்பா, கடை, மெஷின், பத்தொன்பது வருடத் தாம்பத்தியம் எல்லாம் இருந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள். நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பதிவேடு விரிந்து கிடந்தது. அவள் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள், வலப்பக்கத்தின்மேல் ஓவியரின் படம் ஒன்று ஃபிரேமோடு சாய்ந்திருந்தது. கீழே இரண்டு ரோஜாப்பூ. யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை; ரசமட்டம் வைத்த மாதிரி நேராக இருந்தது.

எதிர்ச்சுவர் ஓரமாகச் சாலைத் துறைக்காரர் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு ஃபைல், ஒரு பேனா. அவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்க்கும்போதெல்லாம் இவளும் பார்த்தாள்.

மாமனார் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு வலிக்கிறதோ என்று அவளுக்குப் பயம். கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். மஞ்சள் நிறத்தைப் பற்றிப் பேசினார். ஜன்னலைப் பற்றிப் பேசினார். கூட்டம் திரும்பி, எட்டு வருடத்து ஜன்னலைப் பயபக்தியோடு பார்த்தது. "இப்போது வீட்டுக்காரரே திரையை விலக்குவார்" என்று சொல்லி மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார். கண்ணாடிக்காரர் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

அதே நேரம் கூட்டத்தின் பின்னால் நாத்தனார் எழுந்தார். கைதட்டல் முடியும்வரை காத்திருந்தால் ஐந்து மணி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். மடக்கு மேசைக்குப் போய்க் குனிந்தார். சாலைத் துறைக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். நாத்தனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நடந்திருக்காது. பெட்டியின் மூடியைத் தூக்கி, ஃபிரேமை எடுத்துக் கீழே வைத்து, பதிவேட்டை விரித்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். ரோஜாப்பூ வழியிலேயே விழுந்தது.

"அண்ணி! கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல இதைப் படிங்க."

"என்ன இது?"

"வலப்பக்கம். கடைசிக் கட்டம்."

நாத்தனார் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். முகத்தைச் சுளித்தார். "எழுத்தெல்லாம் ஓடுது. எனக்குத் தெரியலை." நிமிர்ந்து, ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியை நேராகப் பார்த்துக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. நீ படிடா."

கண்ணாடிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பதிவேட்டைத் தாழ்த்தவில்லை. கை வலித்தது, தாழ்த்தவில்லை.

"கிணத்துக்கு அடுத்த வீடு" என்றார் அவர் வாய்க்குள்.

"கேக்கலை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கிணத்துக்கு அடுத்த வீடு" என்றார் சத்தமாக. "அக்கா, அந்த ஓவியர் பொறந்தது உன் வீட்டுல. கல்லை நான் தப்பான சுவத்துல பதிச்சுட்டேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அதிகாரி வேர்வையைத் துடைத்தார். அழைப்பிதழில் அச்சடித்த ஜன்னல் அவர் நினைவுக்கு வந்திருக்கும். சாலைத் துறைக்காரர் ஃபைலை மூடுவதா திறந்து வைப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

நாத்தனார் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். சந்தோஷப்படுவார் என்று மருமகள் எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் கையையாவது பிடித்துக்கொள்வார் என்று.

"எப்போ தெரியும் உனக்கு?"

அதே கேள்வி. அதே குரல்.

"காலையில. பத்தரைக்கு."

"இப்போ மணி என்ன?"

"நாலே முக்கால்."

"நான் மூணு மணிக்கு உன் வாசல்ல நின்னேன். ஊசியில நூல் கோத்துக் குடுத்தியே. அப்போ தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

கண்ணாடிக்காரர், "நான்தான் சொல்ல வேண்டாம்னேன் அக்கா, அன்னைக்கும் நான்தான்" என்று ஆரம்பித்தார். நாத்தனார் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி நடக்கப் போனவரை ஒரு குரல் நிறுத்தியது.

"அவளைக் கேக்காதே. என்னைக் கேளும்மா."

மாமனார் எழுந்து வந்துகொண்டிருந்தார். பொத்திய கையைச் சட்டைப்பையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

"அவளுக்கு ஆறு மணி நேரமாத்தான் தெரியும். எனக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும்."

பையிலிருந்து எடுத்தார். பழுப்பேறிய ஒரு கடித உறை. தபால் முத்திரை மங்கிப் போயிருந்தது. முகவரி மட்டும் தடித்த தூரிகையால் எழுதியது, நாத்தனாரின் கண்ணுக்குக்கூடத் தெரியும்படி அவ்வளவு பெரிதாக இருந்தது: 'கிணற்றுக்கு அடுத்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கு.' அனுப்பியவர் இடத்தில் ஓவியரின் கையெழுத்து.

"முப்பத்து மூணு வருஷத்துல நான் கொண்டு போய்ச் சேர்க்காத ஒரே கடிதம்" என்றார் தபால்காரர், மகளிடம் அதை நீட்டி.

நாத்தனார் உறையைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது.

"ஏன்பா?" என்றார்.

(தொடரும்)